3,500 வோல்ட்டில் ஒரு தம்புரா

எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் கட்டக் கிளம்புகிறவன் முதலில் தூசியோடு மல்லுக்கட்ட வேண்டும். பிறகு ஈரக்காற்றோடு. அப்புறம் வீட்டிலிருப்பவர்களோடு. மின்சாரம் இந்த வரிசையில் நாலாவதாகத்தான் வரும். ஆனால் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் வோல்டேஜைப் பற்றித்தான் கேட்கிறார்கள். “ஸ்பீக்கருக்குள்ள மூவாயிரத்து ஐந்நூறு வோல்ட்டா? எதுக்கு சார்?” என்று. பதில் சொல்ல உட்கார்ந்தால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கூம்பு, அதன் கழுத்தில் செம்புக் காயில், பின்னால் ஒரு காந்தம். காயில் அசைந்தால் கூம்பு அசையும். ஆனால் கழுத்தைத் தள்ளுகிற அதே கணத்தில் விளிம்பும் நகர்ந்துவிடுவதில்லை. காகிதம் வளைகிறது, நெளிகிறது, நின்ற பிறகும் கொஞ்சம் ஆடுகிறது. எலக்ட்ரோஸ்டாடிக்கில் காயிலும் இல்லை, காந்தமும் இல்லை. மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலத்தை இழுத்துக் கட்டி, அதற்கு இரு பக்கமும் காற்று போகும்படி இடைவெளி விட்ட இரண்டு மின்முனைகளை நிறுத்துகிறோம். இவற்றுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். படலத்தில் மின்னூட்டத்தை ஏற்றி வைத்துவிட்டு, பாட்டை ஸ்டேட்டர்களுக்குக் கொடுத்தால் ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். விசை படலத்தின் பரப்பு முழுவதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது.

6 மைக்ரான் பாலியெஸ்டர் (மைலார்) படலம் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் எடை 8 கிராம் சொச்சம். அதே பரப்பில் வெறும் காற்று 7 மில்லிமீட்டர் கனத்துக்கு நின்றால் அதற்கும் அதே எடை. அதாவது படலத்தின் சொந்த எடை ஏறக்குறைய கணக்கிலேயே இல்லை. காற்றையே கையால் பிடித்து ஆட்டுவதற்கு இதைவிடக் கிட்டே போக முடியாது என்று எனக்குத் தோன்றும்.

இதை நான் முதன்முதலில் கேட்டது 1986-ல், கேம்பிரிட்ஜில். கம்பெனி பயிற்சிக்காக அனுப்பியிருந்தது. தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். அதிகம் பேச மாட்டார். கூடத்தில் இரண்டு பக்கமும் அறைச் சூடேற்றி போல, செம்பழுப்பு நிறத்தில், கொஞ்சம் வளைந்த சல்லடைத் தகடு போட்ட இரண்டு பொருட்கள் குட்டைக் கால்களில் நின்றன. குளிர்காலத்தில் அதன் பக்கத்தில் போய் கையை நீட்டியிருக்கிறேன். ஒரு மாலை அவர் ரேடியோவைப் போட்டார். பிபிசியில் ஒருவர் செய்தி வாசித்தார். வாசிப்பதற்கு முன் அவர் உதடு பிரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இசைகூட இல்லை, வெறும் பேச்சு. ஸ்பீக்கரைச் சோதிக்க மனிதக் குரலைப்போல் கறாரான கருவி கிடையாது என்பது அன்று புரிந்தது. நாம் பிறந்ததிலிருந்து கேட்டு வருவது அதுதானே.

அது க்வாட் ஈஎஸ்எல். கேம்பிரிட்ஜிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் என்பவர் நடத்திய தொழிற்சாலையில் செய்தது. 1957-ல் விற்பனைக்கு வந்து, முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக உற்பத்தியில் இருந்தது. முழு அலைவரிசைக்கும் எலக்ட்ரோஸ்டாடிக்கை மட்டும் நம்பி வீட்டு உபயோகத்துக்கு விற்கப்பட்ட முதல் ஸ்பீக்கர் என்று அதைத்தான் சொல்வார்கள். உள்ளே மூன்று பேனல்கள்: நடுவில் மேல் ஸ்தாயிக்கு ஒன்று, இரு பக்கமும் கீழ் ஸ்தாயிக்கு இரண்டு. கீழ்ப் பேனல்களின் படலத்தில் 6,000 வோல்ட். நடுப் பேனலில் 1,500. அந்த வீட்டுக்காரர் அதை 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்றில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

வாக்கர் 1955-ல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரைத் தொடரை கேம்பிரிட்ஜ் நூலகத்தில் நகலெடுத்துக்கொண்டேன். அதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது. படலம் ஒரு ஸ்டேட்டர் பக்கம் நகரும்போது அந்தப் பக்கத்து இடைவெளி குறைகிறது. படலம் நன்றாக மின்சாரம் கடத்துவதாக இருந்தால் மின்னூட்டம் அவசரமாக அந்த இடத்துக்கு ஓடிவந்து குவியும், இழுப்பு இன்னும் கூடும், ஒலி உருக்குலையும். ஹார்வர்டின் ஃப்ரெடரிக் ஹண்ட் 1954-ல் வந்த ‘எலக்ட்ரோஅகூஸ்டிக்ஸ்’ நூலில் இதற்கு வழி சொல்லியிருந்தார்: மின்னூட்டம் ஓட முடியாதபடி செய்துவிடு. படலத்தின் மேல் பூசும் பூச்சு அரைகுறையாகத்தான் மின்சாரம் கடத்த வேண்டும்; ஏற்றிய மின்னூட்டம் ஏற்றிய இடத்திலேயே கிடக்க வேண்டும். அப்போது படலத்தின் மீதான விசை, அது இடைவெளியில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஸ்டேட்டருக்கு வரும் சமிக்ஞையை மட்டுமே பொறுத்தது. காகிதத்தில் இது நாலு வரிச் சமன்பாடு. நான் அதற்குப் பல வருஷம் உழைக்க வேண்டியிருந்தது.

சென்னைக்குத் திரும்பி, வேலை, குழந்தைகள், வீட்டுக்கடன் என்று காலம் ஓடியது. 2003 இறுதியில் வாக்கர் இறந்த செய்தியைப் படித்தபோது அந்த நகல்களைத் தேடி எடுத்தேன். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. அடுத்த கோடையில் வேலையைத் தொடங்கினேன்.

முழு அலைவரிசைக்கும் படலத்தையே நம்புவதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தேன். காரணம் எளிது. இந்தப் படலத்துக்குப் பெட்டி கிடையாது. முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு ஒலியை, ஒன்றுக்கொன்று எதிரான போக்கில் விடும். கீழ் ஸ்தாயியில் பின்பக்க அலை விளிம்பைச் சுற்றி முன்னால் வந்து முன்பக்க அலையை அழித்துவிடும். 30 செ.மீ. அகலப் பேனலில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் ஒலியழுத்தம் பாதியாகக் குறையும். ஈடுகட்ட பேனலைக் கதவளவு அகலமாக்க வேண்டும், அல்லது படலத்தை நிறைய ஆடவிட வேண்டும். எங்கள் கூடம் 18-க்கு 12 அடி. ஆகவே 250 ஹெர்ட்ஸுக்கு மேலே படலம், கீழே மூடிய பெட்டியில் சாதாரண கூம்பு வூஃபர். இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கும் பரிசுத்தவாதிகள் உண்டு. அவர்கள் கூடம் பெரியதாக இருக்கட்டும்.

பேனலின் அளவு 120-க்கு 30 செ.மீ. படலத்துக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே பக்கத்துக்கு 2 மி.மீ. படலத்தில் 3,500 வோல்ட். காற்று மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வரைதான் தாங்கும்; அதற்கு மேல் பொறி பாயும். நம்முடையது நிலையாக 1,750; அதன்மேல் பாட்டின் உச்சத்தில் இன்னொரு 750 ஏறினாலும் வேலிக்குள்ளேயே இருக்கிறோம். இடைவெளியைக் குறைத்தால் சத்தம் கூடும், ஆனால் ஆட இடமிருக்காது. கூட்டினால் ஆட இடமிருக்கும், சத்தம் எழும்பாது. எலக்ட்ரோஸ்டாடிக் வடிவமைப்பு முழுக்க இந்தப் பேரம்தான்.

இந்த உச்சச் சமிக்ஞைக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப் தருவது உச்சத்தில் 40 வோல்ட். ஸ்டேட்டர்களுக்கு இடையே 3,000 வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்து ஒன்றில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் பாய் ஒருவர் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே கடை. வார்னிஷ் வாடை தெருமுனைக்கே வரும்.

“பாய், 230 ப்ரைமரி, 6 வோல்ட் செகண்டரி. டொராய்டு. நாலு வேணும்.”

“ஆறு வோல்ட்டுல என்ன சார் ஓட்டப் போறீங்க?”

“தலைகீழா மாட்டப் போறேன். ஆறு வோல்ட் பக்கம் ஆம்ப், 230 பக்கம் ஸ்பீக்கர். பக்கத்துக்கு ரெண்டு, சீரிஸ்ல.”

அவர் பீடியை அணைத்துவிட்டு மனக்கணக்குப் போட்டார். “ஒண்ணுக்கு முப்பத்தெட்டு மடங்கு. ரெண்டுக்கு எழுபத்தாறு. அந்தப் பக்கம் மூவாயிரம் வருமே சார்! ஸ்பீக்கருக்கா?”

அவர் இதுவரை கட்டிய எதுவும் ஆளைக் கொன்றதில்லை என்றும், இதில் தன் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, சுற்றுகளுக்கு நடுவே நான் கேட்டதைவிட இரண்டு அடுக்கு மைலார் கூடுதலாகப் போட்டார். அதற்குக் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. “நீங்க உசுரோட இருந்தாத்தான் சார் அடுத்த ஆர்டர் வரும்.”

சாதாரண மின்மாற்றியைத் தலைகீழாக மாட்டுவது மலிவு வேலை என்று தோன்றலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 6 வோல்ட்டுக்குக் கட்டிய கோர், 28 வோல்ட்டை ஏறக்குறைய 235 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் திணறாமல் தாங்கும். ஆம்ப்பின் 40 வோல்ட் உச்சம் என்பது ஆர்.எம்.எஸ். கணக்கில் அந்த 28-தான். 250-க்குக் கீழே நமக்கு வேலையே இல்லை. வூஃபருக்குப் பிரித்துக் கொடுத்தது இங்கே பலன் தந்தது. ஒவ்வொரு ஜோடியும் சேரும் நடுப்புள்ளியிலிருந்துதான் பயாஸ் வோல்டேஜுக்கு, அதாவது படலத்தில் ஏற்றி வைக்கும் அந்த 3,500 வோல்ட்டுக்கு, மறுமுனை எடுத்தேன். படலம் இரண்டு ஸ்டேட்டருக்கும் சரிசமமாக நிற்க அது அவசியம்.

பயாஸுக்கு டயோடும் கெப்பாசிட்டரும் ஏணிப்படியாக அடுக்கிய சர்க்யூட். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியே 230 வோல்ட்டை உள்ளே கொடுத்தால் படிக்கு 650 வோல்ட் ஏறும். ஆறு படியில் 3,900. நஷ்டம் போக 3,500 சொச்சம். காக்ராஃப்டும் வால்ட்டனும் 1932-ல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் அணுக்கருவைப் பிளக்க உயரழுத்தம் உண்டாக்கியது இதே ஏணியில்தான். அவர்களுடையது அறை உயரம். என்னுடையது சோப்புப் பெட்டிக்குள் அடங்கியது. இதை அளக்க சாதாரண மல்டிமீட்டர் உதவாது. மீட்டரே மின்னூட்டத்தைக் குடித்துவிட்டுக் குறைவாகக் காட்டும். எங்கள் தெரு டிவி மெக்கானிக்கிடம் படக்குழாய் சோதிக்கும் உயர்வோல்டேஜ் புரோப் இருந்தது. “அண்ணே, நான் இருபத்தஞ்சாயிரத்தோட குடித்தனம் நடத்துறவன். இதெல்லாம் ஒரு வோல்ட்டா?” என்று இரவல் கொடுத்தான். தட்டைத் திரைகள் வந்து அந்தக் குடித்தனம் முடிந்துபோனது வேறு கதை.

ஸ்டேட்டருக்கு ஓட்டை போட்ட இரும்புத் தகடு போடுவதுதான் வழக்கம். நான் பி.வி.சி. போர்த்திய ஒற்றைச் செம்புக் கம்பி ஒயரை நெடுக்குவாட்டில் வரிசையாகப் பதித்தேன். ஒயர் சுருளிலிருந்து வரும்போது நெளிந்திருக்கும். ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையை டிரில்லில் மாட்டி, லேசாக இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று விட்டால் அளவுகோல் போல் நேராகிவிடும். கையில் அந்த நேர்த்தி தட்டுப்படும்போது ஒரு சந்தோஷம். உறையே காப்பாக இருப்பதால் பொறி பாயும் பயமும் குறைவு.

கம்பிக்குப் போனதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. 30 செ.மீ. அகலத் தட்டைப் பரப்பு 10,000 ஹெர்ட்ஸை விடும்போது, அந்த ஒலியின் அலைநீளம் 3.4 செ.மீ.தான். ஒலி விரியாமல் ஒரே நேர்க்கோட்டில் பாயும். நாற்காலியில் தலையை ஒரு சாண் நகர்த்தினால் ஜாலராவின் சிணுங்கல் காணாமல் போகும். இதற்குத்தான் வாக்கர் 1963-ல் வேலையைத் தொடங்கி 1981-ல் வெளியிட்ட ஈஎஸ்எல்-63-ல் மின்முனையை வட்ட வட்ட வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் சமிக்ஞையைச் சற்றுத் தாமதித்து அனுப்பினார். தட்டைப் படலம்தான், ஆனால் 30 செ.மீ. பின்னால் ஒரு புள்ளியிலிருந்து ஒலி வருவதுபோல் அலை விரியும். பதினெட்டு வருஷ உழைப்பு அது. அமெரிக்காவில் மார்ட்டின்லோகன் நிறுவனத்தார் பேனலையே வளைத்துவிட்டார்கள். இரண்டும் என் பட்டறைக்கு எட்டாதவை. கம்பிகளை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து, நடுப்பட்டைக்குச் சமிக்ஞையை நேரடியாகவும் இரு பக்கப் பட்டைகளுக்கு மின்தடைகள் வழியாகப் படிப்படியாகவும் கொடுத்தேன். மேல் ஸ்தாயி ஏற ஏற ஓரங்கள் ஓய்ந்து, நடுவிலிருக்கும் குறுகிய பட்டை மட்டும் பாடும். சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்கலாம்.

ஆம்ப்புக்கும் இது நல்லது. எலக்ட்ரோஸ்டாடிக் பேனல் ஆம்ப்பின் பார்வையில் ஒரு கெப்பாசிட்டர். பேனலின் கொள்ளளவு ஒரு நானோஃபாரட்கூட இல்லைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி, ஆம்ப் பக்கம் நாலு மைக்ரோஃபாரட்டுக்கு மேல் தெரியும். 20,000 ஹெர்ட்ஸில் அது 2 ஓமுக்கும் கீழே. பல நல்ல ஆம்ப்கள் இதைப் பார்த்ததும் மூச்சடைத்துப் போகும். மின்தடைகள் நடுவே இருப்பதால் அந்தச் சுமையும் குறைந்தது.

இனி படலம். கெப்பாசிட்டர் செய்கிற இடங்களுக்குப் போகும் 6 மைக்ரான் மைலார் சுருள் ஒன்று நண்பர் மூலம் கிடைத்தது. ஒரு பலகையின் விளிம்பைச் சுற்றி சைக்கிள் டியூபை ஓட்டி, அதன்மேல் படலத்தைப் போர்த்தி, அடியில் டேப்பால் ஒட்டி, பம்ப் அடித்தால் டியூப் உப்ப உப்ப படலம் நாலு பக்கமும் ஒரே சீராக இறுகும். உலகம் முழுக்க வீட்டில் பேனல் கட்டுகிறவர்கள் இந்த சைக்கிள் டியூப் வித்தையைத்தான் நம்பியிருக்கிறார்கள். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து கடைசியில் பரப்பு கண்ணாடியாகி, மேலே எரியும் ட்யூப்லைட் அதில் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். கோடு எங்கே வளைகிறதோ அங்கே இழுப்பு போதவில்லை. தளர்ந்த படலம் பயாஸ் போட்டவுடன் ‘டப்’பென்று ஒரு ஸ்டேட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்காக குறுக்கே மெல்லிய நுரைப்பட்டைகளைத் தாங்கலாக வைத்தேன். சம இடைவெளியில் வைக்கக் கூடாது. எல்லாக் கட்டங்களும் ஒரே அளவாக இருந்தால் எல்லாம் ஒரே சுருதியில் அதிரும். அளவு மாறினால் அதிர்வு பரவி அடங்கும்.

பூச்சுக்குக் கிராஃபைட் தூள், பூட்டில் போடுவது. பஞ்சில் தொட்டுத் தேய்த்து, பிறகு துடைத்து, துடைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் வரை எடுத்துவிட வேண்டும். கறுப்பாகத் தெரிந்தால் அதிகம். வேலை நடப்பது சித்திரை வெயிலில். மின்விசிறி போடக் கூடாது, தூசி பறக்கும். தரையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு நள்ளிரவுக்கு மேல்தான் உட்காருவேன். ஒரு துளி வியர்வை படலத்தில் விழுந்தால் அந்த உப்பே மின்கசிவுக்கு வழியாகிவிடும். தூசித் துகள் ஒன்று உள்ளே மாட்டினாலோ, படலத்துக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே மின்னூட்டத்தைச் சுமந்து போய்வந்து ‘டிக் டிக்’ என்று ராத்திரியெல்லாம் கணக்குச் சொல்லும்.

கோடையில் கட்டியது ஐப்பசியில் சோதனைக்கு வந்தது. மழை பிடித்த நாலாம் நாள் இடது பக்கம் சத்தம் குறைந்தது. வாக்கரின் ஊரில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. கடலோரச் சென்னையில் மழைக்காலக் காற்று சட்டத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்பூச்சாகப் படிந்து, படலத்தின் மின்னூட்டத்தை மெல்ல வடித்துவிடுகிறது. கணக்கு இதுதான்: பாதுகாப்புக்காக பயாஸை 20 மெகாஓம் மின்தடை வழியாகத்தான் கொடுக்கிறோம். 50 மைக்ரோஆம்பியர் கசிந்தால் போதும், அந்தத் தடையிலேயே 1,000 வோல்ட் காணாமல் போகும். 3,500 இருந்த இடத்தில் 2,500. மூன்று டெசிபல் காலி. பாடகர் நடுவிலிருந்து வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

மரச்சட்டத்தை நான் முதலிலிருந்தே விலக்கியிருந்தேன். மரம் ஈரம் குடிக்கும். அக்ரிலிக் சட்டமே இப்படியென்றால் மரம் என்ன ஆகியிருக்கும்! ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் விளிம்புகளைத் துடைத்து, மின்சாரம் ஏறும் செம்புப் பட்டையைச் சுற்றி வார்னிஷ் பூசி, க்வாட்காரர்கள் செய்ததுபோல் முன்னும் பின்னும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி பேனலை மூடினேன். தூசிக்கும் அதுவே காவல். அதன் பிறகு மழைக்காலத்தில் கூடத்து ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டால் போதும் என்ற அளவுக்கு வந்தது.

ஸ்பீக்கரைக் கட்டி முடிப்பது பாதி வேலை, நிறுத்துவது மறுபாதி. ஆயிரக்கணக்கில் கேபிளுக்குச் செலவழித்துவிட்டு ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கமும் பாடும் ஸ்பீக்கருக்கு அது கொலைபாதகம். சுவரிலிருந்து 4 அடி முன்னால் நிறுத்தினால், பின்னால் போன ஒலி சுவரில் பட்டு 8 அடி கூடுதலாக நடந்து 7 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அந்தத் தாமதம் இருந்தால் காது அதை அறையின் விசாலமாக எடுத்துக்கொள்கிறது. கிட்டே இருந்தால் குரலோடு குழம்பிப்போகிறது. பின்சுவரில் புத்தக அலமாரி. பைண்ட் செய்த தீபாவளி மலர்களும் ஒல்லிக் கவிதைத் தொகுப்புகளும் முன்னும் பின்னுமாக இருந்ததால் ஒலி சிதறியது. தமிழ் இலக்கியம் எனக்குச் செய்த எதிர்பாராத உதவி. பக்கச்சுவரைப் பற்றிக் கவலையே இல்லை. முன்பின் அலைகள் விளிம்பில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒலியே போகாது. 12 அடி அகலக் கூடத்துக்கு இது வரம்.

“ஏங்க, கூடத்துல நடக்க வழியே இல்ல. சுவரோரமா வைக்கக் கூடாதா?”

“வெச்சா பாட்டு கேக்காது.”

“இப்ப மட்டும் என்ன கேக்குது? சமையல்கட்டுல எனக்கு வெறும் மிருதங்கம்தான் வருது.”

எங்கள் சமையலறை பேனலின் பக்கவாட்டில், சரியாக அந்த மௌனக் கோட்டில் இருந்தது. அங்கே எட்டியது வூஃபரிலிருந்து கிளம்பும் தொப்பியின் ஒலி மட்டும். நான் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருந்த கோட்பாட்டுக்கு அவளுடைய அந்தப் புகாரைவிட நல்ல அளவீடு கிடைத்ததில்லை.

இரண்டு பேனலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றின் இணைப்பை மாற்றிக் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே மோனோ ஒலியை அனுப்பி, சரிநடுவில் தள்ளி நின்று கேட்பது. ஒன்றை ஒன்று அழிக்க வேண்டும். அழியாமல் மிஞ்சுவது எதுவோ அதுதான் வித்தியாசம். பிறகு இரண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, அளவுநாடாவோடு அரை அங்குலம், கால் அங்குலம் என்று நகர்த்தி, உட்காரும் இடத்தை நோக்கி லேசாக உள்பக்கம் திருப்பி, பழைய மோனோ ரிகார்டு ஒன்றைப் போட்டு, பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவே காற்றில் வந்து உட்காரும் வரை அந்த வேலை. வந்து உட்கார்ந்தவுடன் தரையில் சாக்பீஸால் கால்களைக் குறித்துவிட்டேன். வீட்டில் தரை துடைக்க வருகிறவர் அந்தக் குறிகளை அழிக்காமல் சுற்றித் துடைக்கக் கற்றுக்கொண்டார்.

என்ன கேட்டது? முதலில் தம்புரா. கச்சேரி ஒலிப்பதிவுகளில் பின்னால் ஒரு ரீங்காரமாக மட்டும் இருந்த தம்புரா, ஜீவாளி நூல் எழுப்பும் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக விரிந்து, ஒரு மீட்டு முடிந்து அடுத்த மீட்டு வரும் வரை தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. எஸ். பாலசந்தரின் வீணையில் நகம் தந்தியைத் தொடுவது தனி, தந்தி ஒலிப்பது தனி என்று பிரிந்தது. அவர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துச் சுரம் ஏற்றும்போது ஒலி அடங்கிக்கொண்டே போகும்; எந்தக் கூம்பிலும் பாதியில் நின்றுபோகும் அந்தத் தேய்மானம் இங்கே கடைசி வரை கேட்டது. படலத்துக்கு எடையில்லை என்பதன் பலன் உரத்த இடங்களைவிட இந்த அடங்கும் இடங்களில்தான் தெரியும்.

எம்.டி. ராமநாதன்தான் கடினமான பரீட்சை. அவருடைய மந்தர ஸ்தாயிக் குரலின் அடிச்சுரம் 250-க்கு வெகு கீழே, வூஃபரில், மேல்சுரங்கள் படலத்தில். இரண்டும் பிசகினால் ஒரு மனிதர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து பாடுவார். வூஃபர் பெட்டியை நகர்த்தி, பிரிப்புச் சர்க்யூட்டைத் திருத்தி, அவரை ஒரே ஆளாக்கிவிட்டேன். மிருதங்கத்தில் மட்டும் இன்றுவரை முழு வெற்றி இல்லை. வலந்தலை காற்றில் நிற்கிறது. தொப்பி பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. பரிசுத்தவாதிகள் சொல்வதில் நியாயம் உண்டு என்று அப்போது தோன்றும்.

நாகஸ்வரம் இதில் வேண்டாம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதன் இயல்பான உரப்பில் வைக்க ஆசைப்பட்டால், 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆடும் படலத்துக்கு அது தாங்காது. கோயில் பிராகாரத்துக்கு ஆன வாத்தியத்தை இந்த ஜன்னல் திரைக்குள் அடைக்க முடியாது. சினிமாப் பாட்டின் தாளத்தை நெஞ்சில் உணர வேண்டும் என்கிறவர்களும் நல்ல கூம்பு ஸ்பீக்கரே வாங்கலாம். அவர்களுக்கு அதில்தான் முழு விருந்து. குரல், வீணை, வயலின், புல்லாங்குழல், ஒரு சின்னக் கூடம், இரண்டு காது, கொஞ்சம் பொறுமை. இதற்கு மட்டும் எலக்ட்ரோஸ்டாடிக்கை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் தீர்ப்பு.

கட்டிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: ஆம்ப் ஓடும்போது ஸ்டேட்டரைத் தொடாதீர்கள், அங்கே இருப்பது ஆளைக் கொல்லும் மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஏணியில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆகவே வடிகால் மின்தடை இல்லாமல் எதையும் மூடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முன்பக்கச் சல்லடையைத் திருகாணி போட்டே மாட்டுங்கள். முதலில் ஒரு சாண் அளவில் சின்னப் பேனல் கட்டிக் கைப்பழக்கம் செய்துகொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் வேலையை மாசியில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் படலம் ஒட்டவே வேண்டாம்.